ரீஸ்டோர் செய்த எம்.எம். 540, கேட்பது 6.25 லட்சம்: எதைப் பார்த்து விலை பேசுவது?

மாந்தோப்பு_ராயக்கோட்டை

வணக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் விற்பனைக்கு வந்திருக்கிறது. 1991 மாடல், டீசல், நாலு வீல் டிரைவ், கே.ஏ. நம்பர். "முழு ரீஸ்டோர், ஒரு ரூபாய் வேலை கிடையாது" என்று 6.25 லட்சம் சொல்கிறார்கள்.

வண்டி எனக்கு அலங்காரத்துக்கு அல்ல. ராயக்கோட்டைப் பக்கம் மாந்தோப்பு. மழை பெய்தால் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் முழுக்க களிமண். மாதம் ஓரிரு முறை அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பாதைக்கும் போக வேண்டும். அதனால் நாலு வீலும் உண்மையில் இழுக்க வேண்டும்.

ஒரு முறை நேரில் பார்த்தேன். மிலிட்டரிப் பச்சையில் மேட் பெயின்ட், புது சீட், புது ஹூட் (மேல்கூரைத் துணி), நாலு டயரும் 235/75 ஆர்15 புதிது. அடியில் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங். போனபோது பானெட் சூடாக இருந்தது; ஒரே கிராங்கில் ஸ்டார்ட் ஆனது. தார் ரோட்டில் 4 வீல் லீவரைப் போட்டு ஓட்டிக் காட்டினார்கள். நேராகப் போகும்போதே வண்டி இறுக்கிப் பிடித்தது, நிறுத்தியபின் லீவர் உடனே கழலவில்லை, ரிவர்ஸ் எடுத்த பிறகுதான் வந்தது. "புது கியர், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். ஆர்.சி. 2026 நவம்பர் வரை.

இந்த விலை தகுமா? அடுத்த முறை போகும்போது எதை எப்படிச் சோதிப்பது?

---

பெண்ணாற்றுப்_படுகை

முதலில் பாடியும் சேஸிஸும். ரீஸ்டோர் செய்த வண்டியில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கடைசி இரண்டு வாரத்தில் செய்த வேலை. விலையைத் தீர்மானிக்க வேண்டியது அதற்கு முன் செய்த வேலை, அல்லது செய்யாமல் விட்டது. ஆகவே முதல் கேள்வி: பாடியைக் கழற்றி, சேஸிஸை மொட்டையாக்கி எடுத்த படங்கள் இருக்கின்றனவா? சேஸிஸைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பாடியை மறுபடி ஏற்றியவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் எடுத்து வைத்திருப்பார்கள். படம் ஒன்றுகூட இல்லையென்றால் பாடியைத் தூக்காமலே அடித்த பெயின்ட் என்று எடுத்துக்கொண்டு சோதனையைத் தொடங்குங்கள்.

புது அண்டர்கோட்டிங் எனக்குப் பிடிக்காத அடையாளம். நல்ல சேஸிஸுக்கு சாதாரண சேஸிஸ் பிளாக் போதும். தடித்த தார் பூச்சுக்குள் வெல்டிங்கும் ஓட்டையும் மறையும். ஒரு சின்ன சுத்தியலும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துப் போங்கள். சேஸிஸ் நெடுக, ஒவ்வொரு அரை அடிக்கும் லேசாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு "ணங்" என்று கேட்கும். துரு தின்ற இடமும், பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) அப்பிய இடமும் "தொப்" என்று அடங்கிய சத்தம் தரும். சந்தேகம் வந்த இடத்தில் பூச்சைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்: ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் ஆகும் பகுதி (பெரிய டயர் போட்ட வண்டிகளில் இங்கே விரிசல் விடும்), பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன் ஹேங்கர், கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பின் பம்பருக்கு முன்னால் உள்ள கடைசிக் குறுக்குச் சட்டம். முன்பக்கம் சேஸிஸ் இரட்டைத் தகடாக மூடியிருந்தால் உள்ளே சேறு தங்கி உள்ளிருந்து துரு பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. விரிசலின் மேல் இரண்டு பக்கமும் நீண்டு நிற்கும் ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால் பரவாயில்லை. வெட்டி முட்டி வைத்து ஒட்டியிருந்தால் வேண்டாம்.

வளைவு சோதனைக்கு டேப்பும் தூக்குக்குண்டும் போதும். சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, நாலு ஸ்பிரிங் ஹேங்கர் போல்ட்டின் மையத்தையும் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு அளவும் ஒத்திருக்க வேண்டும். 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் வண்டி எங்கோ கவிழ்ந்தோ மோதியோ இருக்கிறது.

பாடிக்கு காந்தம். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் பெயின்ட்டில் கீறல் போடாது. பின் சக்கரத்துக்கு மேல், பக்கவாட்டின் கீழ் விளிம்பு, கால் வைக்கும் தளம், சீட்டுக்குக் கீழே டேங்க் உட்காரும் பள்ளம்: எங்கே பிடி தளர்கிறதோ அங்கே பட்டி. பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் தெளிவு. கம்பெனிப் பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும், மறுபடி அடித்தது 200, 300 போகலாம். 1000 காட்டினால் அது பட்டி.

முழு பாடியே புதிதாக இருக்கவும் கூடும். பஞ்சாப், ஹரியானா பக்கம் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் ஜீப் பாடி தனியாகவே செய்து விற்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பழைய பாடியைப் பழுதுபார்த்த வண்டியின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. அடையாளம்: கம்பெனி பாடியில் தகடு சேரும் இடத்தில் ஸ்பாட் வெல்டிங்கின் சிறு குழிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். புது பாடியில் நீளமான வெல்டிங் கோடும் அதன்மேல் கிரைண்டர் தடமும் இருக்கும். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ரப்பர் கட்டை இல்லாமல் நேராக போல்ட் முடுக்கியிருந்தால், அஞ்செட்டி ரோட்டில் ஆறு மாதத்தில் தளம் போல்ட்டைச் சுற்றிக் கிழியும்.

---

நாலுசக்கரம்_29

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியதிலேயே அது கிடக்கிறது.

தார் ரோட்டில் 4 வீல் போட்டு ஸ்டியரிங்கை ஒடித்தால் எந்தப் பழைய ஜீப்பும் இறுக்கிப் பிடிக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் ஓட வேண்டிய தூரம் அதிகம். டயர் வழுக்க தாரில் இடமில்லை. அது கோளாறு இல்லை. ஆனால் நேராகப் போகும்போதே இறுக்கினால், லீவர் ரிவர்ஸ் எடுத்தால்தான் கழலும் என்றால், "புது கியர்" என்பது பதில் அல்ல. முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் வேறு வேறு கிரவுன் பினியன் விகிதத்தில் (ஆக்ஸிலுக்கு வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வரும் என்ற கணக்கு) இருக்கின்றன என்றே சந்தேகப்பட வேண்டும்.

காரணம் இதுதான். இந்த ஜீப் வகைகளில் 5.38, 4.88, 4.27, 3.73 என்று பல விகிதங்கள் புழங்குகின்றன. 5.38-இல் இழுவை அருமை, ஹைவேயில் வேகம் கிடையாது. கணக்கு: 235/75 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர், அதாவது சக்கரம் சுமார் 435 சுற்று. அதை 5.38-ஆல் பெருக்கினால், நேரடி டாப் கியரில் எஞ்சின் 2,340 ஆர்.பி.எம். 80-இல் 3,100-க்கு மேல். தேசிய நெடுஞ்சாலை 44-இல் பெங்களூருக்குப் போய்வர இந்த இரைச்சலைத் தாங்க முடியாமல், பின் ஆக்ஸிலில் மட்டும் 4.27 போட்டுவிடுவார்கள். முன் ஆக்ஸிலுக்கும் அதே செலவு ஆகும் என்பதால் அதைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். 2 வீலில் ஓட்டும்வரை யாருக்கும் தெரியாது.

4 வீல் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். பின் சக்கரம் 100 மீட்டர் ஓட முயலும்போது முன் சக்கரத்துக்குக் கிடைப்பது 79 மீட்டர்தான். மிச்சம் 21 மீட்டரை ஏதாவது ஒரு டயர் வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். களிமண்ணில் வழுக்கிவிடும், ஓட்டுபவருக்கு வண்டி இழுக்கவில்லை என்று மட்டும் தோன்றும். கெட்டித் தரையில் வழுக்க முடியாது. அந்த விசை முழுக்க டிரான்ஸ்பர் கேஸ் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) கியரிலும், ஷாஃப்ட் கிராஸிலும் (ஷாஃப்டின் முனையில் உள்ள மூட்டு), முன் கிரவுனிலும் ஏறும். ஏதாவது ஒன்று உடையும்.

சோதிக்க ஜாக்கியும் சாக்பீஸும் போதும்:

1. சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கப்போகும் மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை நம்பாதீர்கள். டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஹேண்ட் பிரேக் டிரம் உள்ள வண்டியில் அது ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரம் தூக்கியிருந்தால் டிஃபரன்ஷியல் வழியாக வண்டி உருளும். தவிர, இந்தச் சோதனைக்கு ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டே ஆக வேண்டும்.

2. கியர் நியூட்ரல், டிரான்ஸ்பர் லீவரும் நியூட்ரல். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்த பிறகே கை வையுங்கள்.

3. டயரில் ஒரு கோடு, பின் ஷாஃப்டில் ஒரு கோடு. சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். இன்னொருவர் ஷாஃப்டின் சுற்றை எண்ணட்டும். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் இரண்டு சுற்றுக்கு கிரவுன் ஒரு சுற்று வரும். ஷாஃப்ட் எத்தனை சுற்றோ அதுதான் விகிதம். ஐந்தும் மூன்றில் ஒன்றும் கொஞ்சமும் என்றால் 5.38. ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு 4.88. நாலேகால் 4.27.

4. இதையே முன்பக்கம் செய்யுங்கள். ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் திருப்பும் மூடி) இருந்தால் இரண்டையும் லாக்கில் திருப்பிக்கொள்ளுங்கள். சக்கரம் சுற்றியும் ஷாஃப்ட் சுற்றவே இல்லையென்றால் உள் ஆக்ஸில் உடைந்திருக்கும் அல்லது ஹப்புக்குள் பல் இருக்காது. அதுவும் "4 வீல்" என்று விற்கப்படுவதுண்டு.

டிரான்ஸ்பர் கேஸில் இன்னொன்று. லோ கியர் லீவர், முன் ஆக்ஸில் லீவரைப் போடாமல் விழக் கூடாது. தனியாக விழுந்தால் உள்ளே இருக்கும் தடுப்புக் கட்டையை எடுத்துவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது லோ கியரின் முழு விசையும் பின் ஆக்ஸிலுக்கு மட்டும் போகும்.

கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் இரண்டின் லெவல் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். ஒன்றில் ஆயில் குறைந்து மற்றதில் வழிந்தால் நடுவில் உள்ள சீல் போய்விட்டது. ஆயிலை விரலில் தேய்த்தால் பித்தளைப் பொடி மினுங்குவது சின்க்ரோ வளையமும் வாஷரும் தேய்வதால். அது வயதுக்கு இயல்பு. காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துணுக்கு என்றால் பல் உதிர்கிறது.

---

மலைப்பாதை_பென்னாகரம்

அண்ணா, எஞ்சினுக்கும் ஸ்டியரிங்குக்கும் நான் சொல்றேன்.

பானெட் சூடா இருந்துச்சுன்னா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க. அடுத்த தடவை சொல்லாம காலையில ஆறு மணிக்குப் போய் நில்லுங்க. இதுல இருக்கிறது எக்ஸ்.டி.பி. 4.90, பெஜோ டிசைன், 2,112 சி.சி. டீசல் நேரா சிலிண்டருக்குள்ள போகாது, பக்கத்து அறையில எரியும். அதனால ஹீட்டர் பிளக் இல்லாம குளிர்ல பிடிக்காது. 15, 20 செகண்ட் ஹீட்டர் குடுத்து இரண்டாவது கிராங்க்ல பிடிச்சா நல்ல எஞ்சின். வெள்ளைப் புகை ஒரு நிமிஷத்துல அடங்கணும். அடங்காம, ஒரு சிலிண்டர் மட்டும் தட்டுற மாதிரி ஓடினா ஹீட்டர் பிளக், நாசில், கம்ப்ரஷன் மூணுல ஒண்ணு.

சூடானப்புறம் ஆயில் ஊத்துற மூடியை லேசாத் தளர்த்தி மேல வைங்க. மூடி ஆடினா பரவாயில்ல. துள்ளி விழுந்து, புகை ரயில் மாதிரி வந்தா ரிங் தேஞ்சிருச்சு. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிரா இருக்கும்போதே திறந்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. விடாம குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட். டிப் ஸ்டிக்ல காபி கலர் நுரை இருந்தா தண்ணி கலக்குது, அதோட வீட்டுக்கு வந்துடுங்க.

ஸ்டியரிங்: முன் சக்கரத்தைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், முடுக்கினா சரியாகும். மிதிச்சும் ஆடினா கிங் பின், அதாவது முன் சக்கரம் திரும்புற அச்சு. கிங் பின் தேஞ்ச வண்டி 50, 60 வேகத்துல ஒரு சின்னப் பள்ளம் விழுந்ததும் ஸ்டியரிங்கை உதறும். வீல் பேலன்ஸ் பண்ணச் சொல்லுவாங்க, அதுல போகாது. சக்கரத்துக்குப் பின்னாடி உருண்டை நக்கிள் இருக்கிற ஆக்ஸிலா இருந்தா அந்த உருண்டையைத் துடைச்சுப் பாருங்க. துருக்குழி விழுந்திருந்தா எத்தனை சீல் மாத்தினாலும் கிரீஸ் கசியும், உள்ள சேத்துத் தண்ணி போகும்.

பிரேக்கை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. பெடல் மெல்ல இறங்கினா மாஸ்டர் சிலிண்டர்.

ஓட்டிப் பாக்கறதுக்குத் தொப்பூர் கணவாய் வேண்டவே வேண்டாம். லாரிகளுக்கு நடுவுல தெரியாத பிரேக்கோட இறங்கக் கூடாது. பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் இறங்கி ஏறுங்க, இல்லன்னா தருமபுரியில இருந்து வத்தல்மலை. ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல பத்து நிமிஷம் இழுத்து டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்க. இறங்கினதும் நாலு டிரம் பக்கமும் உள்ளங்கையைக் கிட்ட கொண்டு போங்க, தொடாதீங்க. ஒண்ணு மட்டும் அனலா இருந்தா அந்த வீல் சிலிண்டர் திரும்பி வரல. ஒண்ணு மட்டும் சில்லுன்னு இருந்தா அது பிடிக்கவே இல்ல.

---

ஆர்சி_புத்தகம்

நிறத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை ராணுவ வாகனங்களுக்கு மட்டும். ஆர்.சி. புதுப்பிக்க வண்டி இன்ஸ்பெக்டர் முன் நிற்கும்போது இதற்காகவே திருப்பி அனுப்பலாம். அது போக, ஆர்.சி.யில் எழுதிய நிறம் வேறு, வண்டியின் நிறம் வேறு என்றால் அதையும் பதிவு செய்தாக வேண்டும். ஆக, இந்தப் பெயின்ட்டுக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. மாற்றும் செலவைத்தான் விலையில் கழிக்க வேண்டும். முன்னால் கனமான புல் பார் இருந்தால் அதுவும் கழற்ற வேண்டியதே.

சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடும்போது கண்ணால் படித்தால் போதாது. தின்னர் துணியால் துடைத்து, வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எழுத்துகள் ஒரே உயரம், ஒரே ஆழம் இருக்க வேண்டும். சுற்றிலும் கிரைண்டர் தடமோ, எண்ணுக்கு அடியில் தனித் தகடோ இருந்தால் பேச்சே வேண்டாம். எஞ்சின் எண்ணையும் இப்படியே பாருங்கள். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் எஞ்சின் மாற்றியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்றே சொன்னது.

கே.ஏ. நம்பர் என்பதால் வரிசை இப்படி: விற்பவர் கர்நாடக ஆர்.டி.ஓ.வில் படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வாங்க வேண்டும், கடன் பதிவு இருந்தால் முதலில் நீக்க வேண்டும், பிறகு படிவம் 29, 30, இங்கே தமிழ்நாட்டு வரி கட்டி புது நம்பர். 1991 வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பு. 20 ஆண்டு தாண்டிய கார் வகைக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. 2026 நவம்பர் அருகில் இருப்பதால் இந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

---

மாந்தோப்பு_ராயக்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. ஒரு ஃபிட்டரோடு அதிகாலையில் போய்ப் பார்த்தோம். முடிவுகள்:

குளிர் ஸ்டார்ட்: ஹீட்டர் 20 செகண்ட், இரண்டாவது கிராங்க். புகை ஒரு நிமிடத்தில் அடங்கியது. மூடி துள்ளவில்லை. எஞ்சின் வேலைக்குப் பில் இருக்கிறது: ரிங், பேரிங், ஹெட் வேலை, பம்ப் சர்வீஸ்.

விகிதம்: பின்னால் நாலேகால் சுற்று. முன்னால் ஐந்தும் மூன்றில் ஒன்றுக்கு மேலும். இரண்டு முறை எண்ணினோம்.

இடது முன் சக்கரம் பிரேக் மிதித்தும் ஆடுகிறது. ஸ்டியரிங் பாக்ஸ் பக்கம் அண்டர்கோட்டிங்கைச் சுரண்டியதில் ஆறு அங்குல ஒட்டுத் தகடு. வெல்டிங் மேலோட்டமாக, நடுவில் விட்டு விட்டு இருக்கிறது. மூலை அளவு 3 மில்லிமீட்டர் வித்தியாசம். காந்தம் இடது பின் வீல் மேல் இரண்டு இடத்தில் நிற்கவில்லை. பாடி பழையதுதான், ஸ்பாட் வெல்டிங் குழி தெரிகிறது. எண்கள் இரண்டும் சுத்தம்.

இதை விட்டுவிடுவதா, விலை குறைத்து வாங்குவதா? விகிதத்தை எந்தப் பக்கம் மாற்றுவது?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பாலக்கோடு பக்கம் 1968 பெட்ரோல் ஜீப் ஒன்றை "உலகப் போர் வில்லிஸ்" என்று 9 லட்சம் சொல்கிறார்கள். அதைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டா?

---

நாலுசக்கரம்_29

விட வேண்டாம். எஞ்சின், எண், பழைய பாடி, சேஸிஸ் நேர்கோடு, இந்த நான்கும் சரியாக அமைந்த வண்டி கிடைப்பது கஷ்டம். கெட்டிருப்பவை எல்லாம் போல்ட் கழற்றி மாற்றக்கூடியவை. 6.25 மட்டும் தகாது.

பின்னால் 5.38-க்குத் திரும்புங்கள். உங்களுக்குக் களிமண்ணும் மலையும்தான், ஹைவே இல்லை. முன்னால் 4.27 போட்டுச் சமப்படுத்தினால் லோ கியரில் ஊர்ந்து போகும் வேகம் கூடிவிடும். பள்ளத்தில் இறங்கும்போது பிரேக்கை நம்ப வேண்டிவரும்.

கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வாங்க வேண்டும். இரண்டிலும் ஒரே ஜோடி எண் இருக்கும். பழைய ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அப்படியே போட்டு மூடும் ஃபிட்டரிடம் கொடுக்காதீர்கள். பினியன் ஆழம், பேரிங் இறுக்கம், பல்லிடைவெளி மூன்றும் புதிதாக அமைக்க வேண்டும். இடைவெளி டயல் கேஜில் 0.13 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் வரட்டும். பிறகு பல்லில் கலர் பூசிச் சுற்றினால் அச்சு பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியில் விழுந்தால் பினியன் உள்ளே போகவேண்டும், அடியில் விழுந்தால் வெளியே வரவேண்டும். இதைச் செய்யாமல் மூடினால் 500 கிலோமீட்டரில் ஊளையிட ஆரம்பிக்கும், பிறகு அந்த ஜோடியைக் காப்பாற்ற முடியாது. முதல் 500 முடிந்ததும் ஆயிலை வடித்து மாற்றுங்கள்.

இத்தனை நாள் தாரில் 4 வீல் போட்டுக் காட்டியிருக்கிறார்கள் என்பதால் ஷாஃப்ட் கிராஸ் நாலையும் கையால் முறுக்கிப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் நாலையும் மாற்றுங்கள்.

---

பெண்ணாற்றுப்_படுகை

விலையைக் கணக்காகவே வைத்துப் பேசுங்கள், என் மதிப்பீட்டில் வரும் தொகைகள் இவை. பின் கிரவுன் பினியன், பேரிங், சீல், கூலி: 30,000. கிங் பின் இரண்டு பக்கமும், டை ராட் எண்டுகள், அலைன்மென்ட்: 15,000. சேஸிஸ் தகடு: பழையதை வெட்டி எடுத்து, விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட்டு, வி வடிவில் கிரைண்ட் செய்து உள்வரை வெல்டிங் நிரப்பி, அதன்மேல் புது ஒட்டுத் தகடு. ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றித்தான் செய்ய வேண்டும், கூலியோடு 15,000. பட்டி இரண்டு இடத்தில் தகடு மாற்றி, பச்சையை எடுத்து, ஆர்.சி.யில் உள்ள நிறத்தில் முழுப் பெயின்ட்: 60,000. கூட்டினால் 1.20 லட்சம். புதுப்பிப்பும் வரியும் தனி.

6.25-இல் 1.20 போனால் 5.05. அதிலிருந்து காகிதச் செலவையும் கழித்து 4.75-இல் ஆரம்பியுங்கள். 5 வரை போகலாம். வெளியே நின்று பேசுவதைவிட, ஃபிட்டரை வைத்து அதே விகிதச் சோதனையை விற்பவர் கண்முன் ஒரு முறை செய்து காட்டுங்கள். ஷாஃப்டின் சாக்பீஸ் கோட்டை அவரே எண்ணினால் "புது கியர்" பேச்சு நின்றுவிடும்.

பேரத்தில் டயரையும் ஹூட்டையும் சீட்டையும் கூட்டிச் சொல்வார்கள். தேயும் பொருள், அவற்றுக்குப் பாதி விலைக்கு மேல் மதிப்புப் போடாதீர்கள். எஞ்சின் பில்லுக்கு முழு மதிப்பு தரலாம்.

---

ஆர்சி_புத்தகம்

பாலக்கோடு ஜீப்பைப் பற்றி. 1968 என்று ஆர்.சி. சொன்னால் அது உலகப் போர் வண்டி ஆக முடியாது. போர்க்கால ஜீப் 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் செய்தது. மஹிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்பை 1947 முதல் பொருத்தி விற்றது. பிற்காலத்தில் வந்தது சி.ஜே. 3பி; சி.ஜே. என்றால் பொதுமக்களுக்கான ஜீப். பார்த்ததும் பிரித்தறியலாம்: போர்க்கால ஜீப்பின் முன் கிரில்லில் ஒன்பது பிளவு, சின்ன ஹெட்லைட், பின்கதவு கிடையாது, ஸ்டெப்னி பின்னால் தொங்கும். சி.ஜே. வகையில் ஏழு பிளவு, பெரிய ஹெட்லைட், பின்கதவு உண்டு. 3பி-யின் பானெட் உயரமாக இருக்கும். இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் உள்ள உயரமான ஹரிகேன் எஞ்சின் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால்.

50 ஆண்டு தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விதியின்படி விண்டேஜ் என்று பதியலாம், "வி.ஏ." என்ற எழுத்து வரும் நம்பர், புதுப் பதிவுக் கட்டணம் 20,000, பத்தாண்டு செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, அன்றாட ஓட்டத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. மாந்தோப்புக்குத் தினம் போகிற வண்டிக்கு அது பொருந்தாது. 540-ஐயே முடியுங்கள்.

அட்வான்ஸ் 10,000-க்கு மேல் தராதீர்கள். அதையும் வெறும் பேச்சில் விடாமல் தாளில் எழுதி வாங்குங்கள்: என்.ஓ.சி. உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. பெயருக்கு வந்த பிறகே மீதிப் பணம். 60 நாளில் வராவிட்டால் அட்வான்ஸ் திரும்ப. எந்த ஆர்.டி.ஓ. பெயரில் என்.ஓ.சி. கேட்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். உங்கள் முகவரிச் சான்று ஓசூர் எல்லைக்குள் வந்தால் டி.என். 70, கிருஷ்ணகிரி என்றால் டி.என். 24. தவறான பெயரில் வந்தால் மறுபடி பெங்களூருக்கு அலைய வேண்டும்.